மிதிவண்டிச் சட்டத்திற்கு மறுவண்ணம் பூசுதல்

மிதிவண்டிச் சட்டத்திற்கு மறுவண்ணம் பூசுதல் என்பது பழைய பூச்சையும் துருவையும் அகற்றி, எஃகுக் குழாய்களுக்குப் புதிய காப்புப் பூச்சு அளிக்கும் பணியாகும். கோவளம், மாமல்லபுரம் போன்ற செங்கல்பட்டு மாவட்டக் கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் சட்டம் விரைவில் துருப்பிடிப்பதால் இதன் தேவை அதிகம்.

வரலாறு

தொடக்ககால மிதிவண்டிகள் பெரும்பாலும் கறுப்பு நிறத்தவை. நிலக்கீல் கலந்த கறுப்பு எனாமலைப் பூசி, சூளையில் சூடேற்றி இறுகச் செய்தனர். 1906-இல் இங்கிலாந்தில் தாமஸ் வாட்ஸ் காஸ்லெட், எஃகின் மேல் பாஸ்பேட் படலம் உருவாக்கித் துருவைத் தடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பூச்சுக்கு முந்தைய தயாரிப்பே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இம்முறை சான்றாகும்.

1949-இல் முருகப்பா குழுமம், பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. அம்பத்தூர் அப்போது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் இந்நிறுவனத்தின் வழியே தமிழகச் சிற்றூர்களை அடைந்தன. 2001-02-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் மாணவியர் பலரை மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்ல வைத்தது.

உப்பின் விளைவு

உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். அது பூச்சுக்கு அடியில் தங்கிவிட்டால் துரு உள்ளுக்குள்ளேயே வளர்ந்து, பூச்சு கொப்புளமாக எழும்பும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கற்களில் ஊறிய உப்பை, ஈரக் காகிதக் கூழ் அப்பித் தொல்லியல் துறையினர் வெளியேற்றினர். கல்லானாலும் எஃகானாலும் உப்பை நீக்குவதே முதல் வேலை.

தயாரிப்பு முறை

சக்கரம், செயின், பெடல், ஹேண்டில்பார் ஆகியவற்றைக் கழற்றிய பின் சட்டத்தை நல்ல தண்ணீரால் பலமுறை கழுவ வேண்டும். கழுவாமல் தேய்த்தால் உப்பு கீறல்களுக்குள் புகுந்துவிடும். அடுத்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, முதலில் முரட்டு உப்புத்தாளாலும் பின்னர் மென்மையான தாளாலும் தேய்க்க வேண்டும். மீண்டும் கழுவி, நன்கு உலர்த்தி, அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் பூச வேண்டும். ஓர் இரவு வெறுமனே விட்டாலும் கடலோரத்தில் புதுத் துரு படியும்.

பாதுகாப்பு

வீட்டுப் பயன்பாட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்னும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். ஈயத்தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே பழைய வண்டியை வாட்டர் பேப்பர் கொண்டு நனைத்துத் தேய்ப்பதும், தூசிக்கேற்ற முகக்கவசம் அணிவதும், குழந்தைகளை அருகில் விடாதிருப்பதும் அவசியம்.