காலம் கடந்து கேட்ட இசை

கலைஞனை வாழும்போதே போற்ற வேண்டும் என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். போற்றத் தவறினால் என்ன ஆகும்? அதற்கு டென்மார்க் நாட்டின் இசை வரலாற்றில் ஒரு சான்று இருக்கிறது. அதுதான் ரூட் லாங்கோர் என்னும் இசையமைப்பாளரின் வாழ்க்கை.

லாங்கோர் 1893ஆம் ஆண்டு கோப்பன்ஹேகன் நகரில் பிறந்தார். தாய், தந்தை இருவருமே பியானோ கலைஞர்கள். தந்தையோ ஹங்கேரிய இசைமேதை லிஸ்டிடம் நேரில் பாடம் கேட்டவர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை 11 வயதிலேயே மக்கள் முன் அமர்ந்து, தேவாலயங்களில் ஒலிக்கும் ஆர்கன் வாத்தியத்தை வாசித்தார்.

1913ஆம் ஆண்டு ஏப்ரலில் அவருடைய முதல் சிம்பொனி அரங்கேறியது. அரங்கேற்றியது, உலகப் புகழ் பெற்ற பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு. ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒலிக்கும் அந்தப் படைப்பை எழுதியவருக்கு அப்போது வயது 19 மட்டுமே. இதைவிட நல்ல தொடக்கம் ஓர் இளைஞனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால், தாய்நாட்டில் கதவுகள் திறக்கவில்லை. அக்காலத்தில் டென்மார்க் இசையுலகின் திசையைத் தீர்மானித்தவர் கார்ல் நீல்சன். மிகையான உணர்ச்சியைக் களைந்து, தெளிவும் உறுதியும் கொண்ட இசையை அவர் படைத்தார். நாடும் அந்தப் பாதையில் நடந்தது. லாங்கோரோ லிஸ்ட், வாக்னர் ஆகியோரின் உணர்ச்சி வெள்ளத்தையும் ஆன்மிகத் தேடலையும் விட மறுத்தார். பழமைவாதி என்று அவரை ஒதுக்கினார்கள். அவரும் இணங்கிப் போகும் குணம் உடையவர் அல்லர்; இசையுலகப் பெரியவர்களை வெளிப்படையாகவே சாடினார்.

30 வயது முதல் அரசின் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது உண்மைதான். ஆனால், தேவாலயங்களில் ஆர்கன் வாசிக்கும் வேலைக்கு அவர் அனுப்பிய விண்ணப்பங்கள் மீண்டும் மீண்டும் நிராகரிக்கப்பட்டன. ‘அந்திகிறிஸ்து’ என்னும் அவருடைய இசை நாடகத்தைக் கோப்பன்ஹேகன் அரச நாடக அரங்கு ஏற்கவில்லை. 1940ஆம் ஆண்டில்தான், தலைநகரிலிருந்து வெகு தொலைவில் உள்ள ரீபெ என்னும் சிறிய ஊரின் பேராலயத்தில் அவருக்கு நிரந்தர வேலை கிடைத்தது.

மனக்குமுறல் இல்லாமல் இருக்குமா? 1948இல் ‘கார்ல் நீல்சன், நம் மாபெரும் இசையமைப்பாளர்’ என்று ஒரு படைப்பை எழுதினார். பாடகர் குழு அந்தப் பெயரையும் புகழையும் மட்டுமே பாட வேண்டும். முடிவே இல்லாமல் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்க வேண்டும்! நீல்சன் மறைந்து 17 ஆண்டுகள் ஆன பிறகும் வேறு எவரையும் கேட்க மறுத்த நாட்டின் மீது அவர் வீசிய கேலி அது.

1952இல் லாங்கோர் ரீபெ நகரிலேயே காலமானார். 16 சிம்பொனிகள் உட்பட 400க்கும் மேற்பட்ட படைப்புகளை விட்டுச் சென்றார். அவற்றுள் பல, அவர் காதில் ஒருமுறைகூட இசைக்குழுவால் ஒலிக்காதவை.

கதை அத்தோடு முடியவில்லை, அன்பர்களே. 1916க்கும் 1918க்கும் இடையில் அவர் ‘கோளங்களின் இசை’ என்னும் படைப்பை எழுதியிருந்தார். பெரிய இசைக்குழு, பாடகர் குழு, ஆர்கன் ஆகியவற்றோடு, தொலைவிலிருந்து ஒலிக்கும் இன்னொரு சிறு குழு. பியானோவின் உள்ளே கம்பிகளைக் கையால் நேராக வருடும் புதுமை. பழமைவாதி என்று சொன்னார்களே, அவர் செய்த வேலை இது! 1921இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் அரங்கேறிய அந்தப் படைப்பு, விரைவிலேயே மேடையை விட்டு மறைந்தது.

1968இல் இசை நிகழ்ச்சிக்குப் படைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் குழு ஒன்றில் ஜியார்ஜி லிகெட்டி இருந்தார். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தில் ஒலிக்கும் விந்தையான இசைக்குச் சொந்தக்காரர் அவர். உடன் இருந்த டென்மார்க் இசையமைப்பாளர் பேர் நோர்கோர், ‘கோளங்களின் இசை’யின் இசைக்குறிப்பை மற்றவற்றோடு சேர்த்து அவர் முன் வைத்தார். படித்துப் பார்த்த லிகெட்டி, தாம் லாங்கோரின் வழிவந்தவர் என்பதே இதுவரை தமக்குத் தெரியாமல் போயிற்றே என்று சொன்னாராம். அதே ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் அந்த இசை மீண்டும் ஒலித்தது.

அதன் பிறகு நடந்தவை உங்களை வியக்க வைக்கும். 1991இல் அவருடைய படைப்புகளின் முழுப் பட்டியல் நூலாக வந்தது. ‘அந்திகிறிஸ்து’ 1999இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் முதன்முறையாக மேடையேறியது. அவருக்கு வேலை கொடுத்த ரீபெ நகரில் 2010 முதல் அவர் பெயரிலேயே இசை விழா நடக்கிறது.

இந்த மறுபிறவி தானாக வந்ததா? இல்லை. கையெழுத்துப் படிகள் அழியாமல் காக்கப்பட்டதால் வந்தது. இன்றும் அவை கோப்பன்ஹேகன் அரச நூலகத்தில் உள்ளன. அவற்றைத் திறந்து பார்த்து, இன்னொருவர் கண்ணில் படும்படி வைக்க ஒருவர் இருந்ததால் வந்தது.

ஆனால், ஸ்டாக்ஹோமில் எழுந்த கைதட்டல் அவருடைய கல்லறைக்குக் கேட்டிருக்காது. கலைஞன் எழுதியதைக் காப்பது சமுதாயத்தின் கடமை; உயிரோடு இருக்கும்போதே ஒருமுறையேனும் காது கொடுத்துக் கேட்பது அதனினும் பெரிய கடமை. டென்மார்க் முதல் கடமையைச் செய்தது. இரண்டாவதைச் செய்ய அதற்கு நேரம் இருந்தது, மனம்தான் இல்லை.