ளமீரும் விஜ்தானும்

1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம், 1966-ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கை இரண்டிலும் 18-ஆம் பிரிவு ஒன்றையே பேசுகிறது: சிந்தனை, மனசாட்சி, மதம் ஆகியவற்றுக்கான சுதந்திரம். ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் ‘கான்ஷியன்ஸ்’தான். அரபியிலோ முன்னதில் ‘ளமீர்’, பின்னதில் ‘விஜ்தான்’.

ளமீர் என்றால் உள்ளே மறைந்திருப்பது. அரபி இலக்கணத்தில் பிரதிப்பெயருக்கும் இதுதான் பெயர். வினைச்சொல்லுக்குள் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும் ‘அவன்’கூட ஒரு ளமீர்தான். சரி, தவறு சொல்லும் உட்குரல் என்ற பொருள் இதற்கு நிலைபெற்றது நவீன காலத்தில். குர்ஆனில் இச்சொல் இல்லை; அங்கே, 75-ஆம் அத்தியாயத்தில், தன்னைத் தானே பழித்துக்கொள்ளும் ஆன்மாவான ‘நஃப்ஸுல் லவ்வாமா’ வருகிறது. 1865-இல் பெய்ரூத்தில் வெளிவந்த வான் டைக் அரபி பைபிள், பவுல் பேசும் மனசாட்சிக்கு ளமீரை வைத்தது. இன்று பேச்சிலும் அதுவே. மனசாட்சி உறுத்தினால் ‘தஅனீபுள் ளமீர்’, அதாவது ளமீரின் கண்டிப்பு. குற்றமற்றவனின் மனசாட்சியை ஆங்கிலம் தெளிந்தது என்கிறது. அரபிக்கு அது இளைப்பாறுவது, ‘முர்தாஹ்’.

விஜ்தான் வேறு ரகம். ‘கண்டடைதல்’ என்ற வேரிலிருந்து கிளைத்து, உணர்வின் பக்கம் சாய்ந்த சொல். தன்னுணர்ச்சிக் கவிதையை அரபு விமர்சகர்கள் ‘விஜ்தானி’ என்பார்கள். ஒருவர் அகத்தில் கொண்டிருக்கும் நம்பிக்கைக்குக் காப்பு என்று படித்தால் 1966-இன் தேர்வு பழுதில்லை. ஆனால் ‘இதைச் செய்ய என் மனசாட்சி இடம் தராது’ என்று ஒருவர் அரசை எதிர்த்து நிற்கும்போது விஜ்தான் மெலிந்துபோகிறது. கவிஞனின் சொல்லை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் ஏறுவது போலத்தான்.

மனசாட்சிக் கைதி என்ற தொடரை 1961-இல் பீட்டர் பெனன்சன் தொடங்கிய மனித உரிமை இயக்கம் பரப்பியது. அதற்கு அரபியில் பெருவழக்கு ‘ஸஜீனுர் ரஅய்’, கருத்துக் கைதி. எழுத்தாளருக்கு இது கச்சிதம். வாய் திறக்காமல் துப்பாக்கி ஏந்த மறுத்து மட்டும் சிறை போனவருக்கு? அவர் கருத்து எதுவும் சொல்லவில்லையே.

அவருக்கென்று தனிச்சொல் உண்டு: ‘முஸ்தன்கிஃப் ளமீரி’. ஆங்கிலத்தில் அவர் ஆட்சேபம் தெரிவிப்பவர்; அரபியில் இழிவென்று ஒதுங்குபவர். குர்ஆனின் 4-ஆம் அத்தியாயம் இவ்வினையை அகந்தையோடு சேர்த்தே சொல்வதால், சொல்லிலேயே ஒரு வீம்பு தொனிக்கிறது.

சிக்கல் அதோடு நிற்கவில்லை. உடன்படிக்கையின் 18-ஆம் பிரிவிலிருந்தே படைச்சேவையை மறுக்கும் உரிமையைப் பெறலாம் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1993-இல் விளக்கம் தந்தது. ஆங்கிலத்தில் பிரிவிலும் மறுப்பிலும் ஒரே வேர்ச்சொல் இருப்பதால் அந்த வாதம் பாதி தானாகவே நிற்கிறது. அரபியில் பிரிவு விஜ்தானைச் சொல்கிறது, மறுப்பவர் ளமீரைச் சொல்கிறார். இரண்டும் ஒன்றென்று வழக்கறிஞர் முதலில் நிறுவியாக வேண்டும்.