கல்லும் திரையும்

பெயர் பெற்ற மாந்தரைத் தெய்வமாகப் போற்றும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. போரில் வீழ்ந்த மறவனுக்குக் கல் நாட்டும் முறையைக் காட்சி முதலாக வாழ்த்தல் ஈறாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. வாழ்த்து இறுதியில் நிற்றல் நோக்கத்தக்கது. செயல் முன்னது, புகழ் பின்னது.

இம்முறையையே சிலப்பதிகாரம் கண்ணகிக்கு உரியதாக்கிற்று. இமயத்துக் கல்லைக் கங்கையில் நீராட்டிச் சேரன் செங்குட்டுவன் கோயில் எடுத்தான்; ஆங்கு இலங்கை வேந்தன் கயவாகுவும் இருந்தான் என்பது அந்நூற் செய்தி. வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கல், அவ்வழிபாடு ஈழத்தில் நிலைத்தமைக்குச் சான்றாகும். அரசவையில் அஞ்சாது நீதி கேட்ட செயலே அதன் வேர்.

பிற்காலத்தில் இவ்வரிசை மாறிற்று. நாவலப்பிட்டியில் 1917-இல் பிறந்த எம்.ஜி.ஆர். திரையில் ஏழையர் காவலராகத் தோன்றியபோதே மக்கள் வாழ்த்தத் தொடங்கினர். அவ்வாழ்த்து 1977-இல் அவரைத் தமிழ்நாட்டு முதலமைச்சராக்கிற்று. பள்ளிச் சிறார்க்கு உணவளித்த சத்துணவுத் திட்டம் 1982-இலேயே வந்தது. 1987-இல் அவர் மறைந்தபின், 2011-இல் திருநின்றவூரை அடுத்த நத்தமேட்டில் அவருக்குக் கோயிலும் எழுந்தது.

முன்னோர் கல்லுக்குச் செலுத்தியது நன்றிக்கடன். இன்றையோர் திரைக்கு அளிப்பது அச்சாரம். அச்சாரம் கொடுத்தோர் பொருளைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். கேளாதவிடத்து அவர்தம் வாழ்த்து வெற்றொலியாகவே முடியும்.