வரைகலை இயக்கி மீட்புச் சோதனை

கணினியின் வரைகலைச் செயலியை, அதாவது ஜிபியுவை, வேண்டுமென்றே உறைய வைத்து, அதன் இயக்கி நிரல் அதைத் தானாக எழுப்புகிறதா என்று பார்ப்பதே வரைகலை இயக்கி மீட்புச் சோதனை. இயக்கி என்பது நாம் டிரைவர் என்று சொல்லும் மென்பொருள். இயங்குதளத்துக்கும் வன்பொருளுக்கும் இடையே நின்று வேலை வாங்குவது அதுதான்.

"சிஸ்டம் ஹேங் ஆகிவிட்டது" என்கிறோம். ஆனால் பல நேரம் திரை அசையாமல் நிற்க, பின்னணியில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மையச் செயலி உயிரோடுதான் இருக்கிறது, வரைகலைச் செயலி மட்டுமே மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அந்த நிலையிலிருந்து கணினியை அணைக்காமலே மீட்க முடியும்.

இந்த மீட்பு யாருக்கு முக்கியம் என்பதை மலையூரில் நின்று பார்த்தால் தெளிவாகப் புரியும். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அந்த மடிக்கணினிகள் வழியாக மாணவர்களைச் சென்றடைந்தது. சேர்வராயன் மலையில் செம்மநத்தம் போன்ற ஊரில் இருக்கும் ஒரு மாணவரின் மடிக்கணினி அடிக்கடி உறைந்தால், ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சேலத்தில் கடை தேட வேண்டியிருக்கும். இயக்கியே செயலியை மீட்டுவிட்டால் அந்தப் பயணம் மிச்சம்.

உறைவைக் கண்டறிதல்

வரைகலைச் செயலி வேலையில் மூழ்கியிருக்கிறதா, உறைந்துவிட்டதா என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல வழியில்லை. எனவே இயங்குதளங்கள் பொதுவாகக் கெடு வைத்தே முடிவெடுக்கின்றன. விண்டோஸ் விஸ்டாவில் அறிமுகமான முறையில் கெடு 2 நொடி. அதற்குள் வேலை முடியவும் இல்லை, இடையில் நிறுத்தவும் முடியவில்லை என்றால் விண்டோஸ் செயலியை மீட்டமைக்கும். ஒரு நிமிடத்துக்குள் 5 முறைக்கு மேல் இப்படி நேர்ந்தால் முயற்சியைக் கைவிட்டு நீலத்திரை காட்டும்.

லினக்ஸில் இன்டெல் செயலிகளுக்கான ஐ915 இயக்கி முன்பு 1.5 நொடிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தது. 2020 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 5.5 இந்த முறையை மாற்றி, இதயத்துடிப்பு என்ற பெயரிலேயே புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வழக்கமாக 2.5 நொடிக்கு ஒருமுறை ஒரு சிறு வேலை அனுப்பப்படும். அது முடிந்து வராவிட்டால் அதன் முன்னுரிமை படிப்படியாகக் கூட்டப்படும். அப்போதும் பதில் இல்லையென்றால் மீட்டமைப்புதான்.

மீட்டமைக்கும் முன் இயக்கி செயலியின் பதிவகங்களைப் படம் பிடித்தாற்போல் சேமித்துக்கொள்கிறது. பிறகு உறைந்த பகுதியை மட்டும் மீட்டமைக்கப் பார்க்கிறது. அது பலிக்காவிட்டால் செயலி முழுவதையும். அடுத்தது நியாயம் வழங்கும் வேலை: உறைவுக்குக் காரணமான நிரலின் பணி தள்ளப்படும், வரிசையில் காத்திருந்த மற்றவற்றின் பணி மறுபடி ஓடும். ஓப்பன்ஜிஎல் தரம் இந்த இரு தரப்பையும் குற்றவாளி, நிரபராதி என்ற பொருள் தரும் சொற்களாலேயே குறிக்கிறது. ஒரு விளையாட்டு செய்த தவறுக்காகப் பக்கத்தில் திறந்திருக்கும் பாடக் குறிப்பு அழியக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

உறைய வைக்கும் கலை

நல்ல கணினியில் உறைவு அபூர்வம். அதனால் மீட்கும் நிரல்வரிகளும் அபூர்வமாகவே ஓடும். ஓடாத வரிகளில் பிழை எத்தனை காலமும் ஒளிந்திருக்கும். இதற்கு மருந்து, உறைவைக் கையால் உண்டாக்குவதுதான்.

லினக்ஸ் வரைகலை இயக்கிகளைச் சோதிக்கும் ஐஜிடி என்ற கருவித்தொகுப்பு இதை எளிமையாகச் செய்கிறது. செயலிக்கு அது அனுப்பும் கட்டளைத் தொகுதியின் கடைசிக் கட்டளை, "தொடக்கத்துக்குப் போ" என்பது. செயலி செக்குமாடுபோல் அதையே சுற்றிக்கொண்டிருக்கும். சாதாரணச் சோதனையில் அந்தத் தொகுதிக்குள் "வேறு வேலைக்கு வழிவிடலாம்" என்ற கட்டளையும் இருக்கும். தொகுதியின் தொடக்கத்தில் முடிவுக் கட்டளையை எழுதிச் சுழற்சியையும் நிறுத்திவிடலாம். உறைவுச் சோதனையில் வழிவிடும் கட்டளையை எடுத்துவிடுகிறார்கள், முடிவையும் எழுதுவதில்லை. மீட்டமைப்பைத் தவிர வேறு வழியே இல்லாத நிலை அப்போது உருவாகிறது.

அதன்பின் கேள்விகள் வரிசையாக எழும். ஒரு சோதனை, குற்றவாளி, நிரபராதிக் கணக்கு சரியாக எழுதப்பட்டதா என்று பார்க்கும். இன்னொன்று, சேமித்த பதிவில் உண்மையான குற்றவாளியின் கட்டளைகள்தான் இருக்கின்றனவா என்று சரிபார்க்கும். மூன்றாவது, செயலி மீளவே முடியாமல் போனால் கேட்கும் நிரல்களுக்குப் பிழைச்செய்தியாவது போகிறதா, அல்லது அவையும் சேர்ந்து உறைகின்றனவா என்று கவனிக்கும். இன்டெலின் தானியங்கிச் சோதனைக்கூடம், புதிய மாற்றங்கள் இயக்கியில் சேரும் முன் இத்தகைய சோதனைகளை ஓட்டுகிறது.

மீட்பே முடங்கும் ஆபத்து

ஒரு கணினியில் கேமரா, திரை, வரைகலைச் செயலி ஆகிய மூன்றும் ஒரே நினைவகப் பகுதியைப் பகிர்ந்துகொள்ளலாம். லினக்ஸில் அதற்கு வழிசெய்த டிஎம்ஏ-பஃப் அமைப்பை எழுதியவர் சுமித் செம்வால். அது 2012இல் லினக்ஸ் 3.3இல் சேர்ந்தது. பகிர்வு இருக்கும் இடத்தில் காத்திருப்பும் இருக்கும். மீட்டமைக்கும் நிரல் நடுவில் புதிதாக நினைவகம் கேட்டால், அந்த நினைவகம் உறைந்த வேலை முடிவதற்காகக் காத்திருக்க, அந்த வேலை மீட்புக்காகக் காத்திருக்கும். முடிச்சு அவிழவே அவிழாது. 2020இல் வந்த லினக்ஸ் 5.9 முதல், நிஜ உறைவு இல்லாமலேயே இத்தகைய முடிச்சை முன்கூட்டிக் காட்டும் வசதி உண்டு.

இயக்கி தோற்றாலும் சேதி வெளியே தெரிய வேண்டும். 2025இல் வெளியான லினக்ஸ் 6.15, செயலி மீளவில்லை என்பதையும், இயக்கியை மறுபடி இணைத்துப் பார்க்கலாமா, பஸ் எனப்படும் வன்பொருள் இணைப்பையே மீட்டமைக்க வேண்டுமா என்பதையும் பயனர் மென்பொருளுக்கு அறிவிக்கும் பொது முறையைக் கொண்டுவந்தது. உலாவியில் வரைகலை நிரல் எழுதுபவர்களும் வெப்ஜிஎல் தரத்தில் உள்ள ஒரு நீட்சியால் வரைகலைச் சூழலின் இழப்பை வரவழைத்துத் தங்கள் பக்கம் மீள்கிறதா என்று சோதிக்கலாம்.

இன்டெல் வரைகலை கொண்ட லினக்ஸ் கணினியில் திரை உறைந்து மீண்டால், அதன் விவரம் இயங்குதளத்தின் கருவான கர்னலின் பிழைப்பதிவில் இருக்கும். முதல் உறைவு மட்டுமே அதில் சேமிக்கப்படும். கணினியை அணைத்தால் அதுவும் போய்விடும். ஆகவே அணைக்கும் முன் அதைப் பிரதியெடுத்து, இயக்கியை உருவாக்குவோருக்கு அனுப்புங்கள்.