கையொப்பமும் சந்தாவும்: ஒரு அனிமேஷன் தொடருக்குக் காசு எங்கிருந்து வரும்?

1887-ல் சீவக சிந்தாமணி அச்சாகி வெளிவந்தபோது உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் வாத்தியார். அவ்வளவு பெரிய புத்தகத்தைச் சம்பளக் காசில் அச்சடிக்க முடியாது. அதனால் அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததை அவரும் செய்தார். ‘கையொப்பம்’ வாங்கினார். அதாவது, புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே கையெழுத்து, முடிந்தவர்களிடம் முன்பணம். இன்றைக்குக் கிக்ஸ்டார்ட்டரில் நடப்பது கிட்டத்தட்ட இதேதான். என்ன, இப்போது கிரெடிட் கார்டு இருக்கிறது.

இந்தச் சொல்லை நான் தேடிப் போனதற்குக் காரணம் என் அக்கா பையன். மல்டிமீடியா படித்துவிட்டு, நண்பர்கள் மூன்று பேரோடு தமிழில் ஒரு அறிவியல் புனைகதை அனிமேஷன் தொடர் எடுக்கப்போகிறானாம். இருநூறு வருஷம் கழித்து, வற்றிப்போன செம்பரம்பாக்கம் ஏரிக்குள் நடக்கிற கதை. பத்து எபிசோட். “மாமா, கிக்ஸ்டார்ட்டர்ல போட்டுடலாமா?” என்றான். “இந்தியாவுல இருந்து போட முடியாதுடா” என்றேன். உடனே அடுத்த கேள்வி: “அப்ப இங்க யாருமே மக்கள்கிட்ட காசு வாங்கிப் படம் எடுத்ததில்லையா?”

எடுத்திருக்கிறார்கள். 1976-ல் ஷியாம் பெனகலின் ‘மந்தன்’. குஜராத் பால் கூட்டுறவைச் சேர்ந்த 5 லட்சம் விவசாயிகள், ஆளுக்கு 2 ரூபாய், மொத்தம் 10 லட்சம். படத்தின் தலைப்பிலேயே அவர்கள்தான் தயாரிப்பாளர்கள். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் கவனிக்க வேண்டியது, அந்த 5 லட்சம் பேரை யாரும் புதிதாகத் தேடிப் பிடிக்கவில்லை. தினமும் காலையில் பால் ஊற்ற வருகிறவர்கள். பட்டியல் ஏற்கெனவே இருந்தது.

பட்டியலே இல்லாமல் ஆரம்பித்தவர் கன்னட இயக்குநர் பவன் குமார். ‘லைஃபு இஷ்டேனே’ என்ற படம் எடுத்திருந்தார். இருந்தும் அடுத்த கதைக்குத் தயாரிப்பாளர் யாரும் சரிவரவில்லை. அந்தக் கடுப்பை அப்படியே தன் வலைப்பூவில் எழுதினார். படித்தவர்கள் நாங்கள் தருகிறோம் என்றார்கள். 27 நாளில் சுமார் 110 பேரிடமிருந்து 51 லட்சம் சேர்ந்தது. அதுதான் ‘லூசியா’. தூக்கம் வராத ஒரு தியேட்டர் பையன், மாத்திரை போட்டுக்கொண்டு தன் கனவைத் தானே இழுத்துக்கொண்டு போகிற கதை. அறிவியல் புனைகதைக்குப் பக்கத்து வீடு என்று சொல்லலாம். 2013 ஜூலையில் லண்டன் இந்தியத் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது வாங்கியது, செப்டம்பரில் தியேட்டருக்கு வந்தது. தமிழில் 2015-ல் ‘எனக்குள் ஒருவன்’ என்று மறுபடி எடுத்தார்கள். அதற்கு வழக்கம்போல ஒரு தயாரிப்பாளர்தான்!

அனிமேஷனில் என்றால் ‘புண்யகோடி’. பெங்களூரில் ஐ.டி. துறையில் வேலை பார்த்த ரவிசங்கர் என்பவர், புலியிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும் பசுவின் கன்னட நாட்டார் கதையைச் சம்ஸ்கிருதத்தில் அனிமேஷனாக எடுத்தார். விஷ்பெர்ரி என்ற தளத்தில் பொதுமக்களிடம் காசு திரட்டினார். இசை இளையராஜா, குரல் கொடுத்தவர்களில் ரேவதியும் உண்டு. 2015-ல் நிதி திரட்டல், 2020-ல்தான் நெட்ஃபிளிக்ஸில் படம். நடுவில் ஐந்து வருஷம். இந்த ஐந்து வருஷத்தை அக்கா பையனிடம் இரண்டு தடவை சொன்னேன்.

ஏன் இவ்வளவு நாள்? கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். சினிமா ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். கையால் வரைகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்துக்கொள்வார்கள். ஆக நொடிக்கு 12 படம். 7 நிமிஷ எபிசோட் என்றால் 420 நொடி, 5,040 படம். ஒருத்தர் நாளைக்கு 20 படம் சுத்தமாக வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். 252 வேலை நாள். மாசம் 25 நாள் என்றால் பத்து மாசம். மாசம் 30,000 சம்பளம் என்றால் வரைய மட்டும் 3 லட்சம். பின்னணி, வண்ணம், குரல், ஒலி எல்லாம் தனி. பத்து எபிசோடுக்கு 30 லட்சம். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் நாள் குறையும், காசு குறையாது.

கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாகச் செய்தால் கதை வேறு. ஒரு விண்கலத்தை ஒருமுறை கட்டிவிட்டால் பத்து எபிசோடுக்கும் ஓட்டலாம். ஆக, அறிவியல் புனைகதைத் தொடரில் முதல் எபிசோட்தான் பயங்கரச் செலவு, அப்புறம் இறங்கும். திறமையும் ஊரில் இல்லாமல் இல்லை. 2000-லேயே சென்னையின் பென்டாமீடியா ‘பாண்டவாஸ்’ என்ற முப்பரிமாண முழுநீளப் படம் எடுத்து, சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது.

மென்பொருளும் இலவசம். அந்த பிளெண்டர் மென்பொருளே மக்கள் காசில் விடுதலையான ஒன்று. அதை உருவாக்கிய டச்சு நிறுவனம் 2002-ல் மூடியபோது, 1 லட்சம் யூரோ கொடுத்தால் மூலநிரலை விட்டுக்கொடுக்கிறோம் என்றார்கள் முதலீட்டாளர்கள். டோன் ரோசண்டால் இணையத்தில் கேட்டார். ஏழே வாரத்தில் சேர்ந்துவிட்டது. 2025-ல் ஆஸ்கர் வாங்கிய ‘ஃப்ளோ’ அந்த பிளெண்டரில் செய்ததுதான். (மூலநிரலை விலை கொடுத்து மீட்டார்கள் என்ற செய்தியைப் படித்தபோது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த எனக்கு ஏதோ சுதந்திரப் போராட்டம் மாதிரி இருந்தது.)

பிளெண்டர்காரர்கள் அதோடு விடவில்லை. ‘எலிஃபண்ட்ஸ் ட்ரீம்’ என்று ஒரு குறும்படம். முடிவில்லாத ஒரு ராட்சத இயந்திரத்துக்குள் இரண்டு பேர் நடந்துகொண்டே இருப்பார்கள். டிவிடியை முன்கூட்டியே வாங்கியவர்களின் பெயர் படத்தின் கடைசியில் ஓடியது. 2006-ல் வெளியானது. சுத்தமான கையொப்பம் இது: பொருள் ஒன்று, விலை ஒன்று, கணக்கு முடிந்தது. ஆனால் 2014-ல் முழுநீளப் படத்துக்கு ஆசைப்பட்டு, மாசாமாசம் பணம் கட்டுகிற 10,000 பேர் வேண்டும் என்று கேட்டார்கள். அவ்வளவு பேர் சேரவில்லை. 2015-ல் சுமார் 12 நிமிஷத்தில் ‘காஸ்மோஸ் லாண்ட்ரோமேட்’ முதல் சுற்று மட்டும் வந்தது.

எனக்குப் பொறி தட்டியது இந்த இடத்தில்தான். நம் பதிப்பு உலகத்தில் இரண்டு சொல் இருந்திருக்கிறது. புத்தகத்துக்குக் கையொப்பம், பத்திரிகைக்குச் சந்தா. புத்தகம் ஒருமுறை வரும். பத்திரிகை வந்துகொண்டே இருக்க வேண்டும், அதனால் காசும் வந்துகொண்டே இருக்க வேண்டும். சி.சு.செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ ஆரம்பித்து 1970 வரை எப்படித் தாக்குப்பிடித்தார் என்று படித்தால், சந்தா எவ்வளவு கஷ்டமான ஜீவன் என்று புரியும். அனிமேஷன் தொடர் என்பது பத்திரிகை. இந்தப் பையன்கள் அதைப் புத்தகம் மாதிரி நினைத்து, ஒரே வசூலில் பத்து எபிசோடுக்கும் காசு கேட்கப் பார்க்கிறார்கள். அந்தக் காசு முதல் எபிசோடிலேயே தீர்ந்துபோகும்.

‘வோக்ஸ் மாக்கினா’வுக்கு 2019-ல் கிக்ஸ்டார்ட்டரில் கேட்டது 7.5 லட்சம் டாலர், வந்தது 1 கோடியே 13 லட்சத்துக்கு மேல் என்று சிலர் உதாரணம் காட்டுவார்கள். கொடுத்தவர்கள் 88,887 பேர். ஆனால் அந்தக் குழு 2015-லிருந்து வாராவாரம் நேரலையில் விளையாடிக்கொண்டு இருந்தது. ‘மந்தன்’ கதைதான் திரும்பவும்: பால் ஊற்றுகிறவர்கள் முன்பே வரிசையில் நின்றுகொண்டு இருந்தார்கள்.

நம் ஊரில் சந்தாவுக்கு வேறு சிக்கலும் உண்டு. லாபத்தில் பங்கு தருகிறேன் என்று இணையத்தில் யார் யாரிடமோ பணம் வாங்க முடியாது. அப்படிப் பங்கு விற்கிற தளங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்று 2016-லேயே செபி எச்சரித்துவிட்டது. நன்கொடையாகவோ, பதிலுக்கு ஒரு பொருளாகவோதான் பேச வேண்டும். கார்டில் மாசாமாசம் தானாகக் கழிவதற்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் புது விதி கொண்டுவந்தபோது, வெளிநாட்டுத் தளங்களுக்குப் பலருடைய மாதக் கட்டணம் அப்படியே நின்றுபோனது. என்னுடையதும் இரண்டு நின்றது. இப்போது யூபிஐ ஆட்டோபே இருப்பதால் 100 ரூபாய் மாதிரி சின்னத் தொகைக்கு வழி திறந்திருக்கிறது.

சந்தா நம்மாட்களுக்குப் பழக்கமில்லாதது என்று சொல்ல மாட்டேன். பாரிவாக்கத்தில் எங்கள் தெருவுக்கு ஆடி மாசம் கூழ் ஊற்ற ரசீதுப் புத்தகத்தோடு வருவார்கள். போன வருஷம் எவ்வளவு கொடுத்தோம் என்று அவர்களே புரட்டிப் பார்த்துச் சொல்வார்கள், அதற்குக் குறைத்து எழுத நமக்கே கூச்சமாக இருக்கும். யாரும் திட்ட அறிக்கை கேட்பதில்லை. போன வருஷம் கூழ் வந்தது, குடித்தோம், அவ்வளவுதான்.

பையன்களோடு உட்கார்ந்து போட்ட கணக்கு இது. மூன்று மாசத்துக்கு ஒரு எபிசோட். மாசம் 100 ரூபாய் தர 1,000 பேர் என்றால் மூன்று மாசத்தில் 3 லட்சம். மேலே சொன்ன வரைகிற கூலிக்குச் சரியாகப் போய்விடும். மற்ற செலவுக்கு முதல் வருஷம் அவர்கள் வேறு வேலை பார்த்தாக வேண்டும். பணம் கேட்பதற்கு முன்னால் ஒன்றரை நிமிஷத் துண்டு ஒன்றை முடித்து எல்லாருக்கும் சும்மா காட்டிவிடுவது, பிடித்தவர்கள் பெயரை மட்டும் எழுதிக்கொள்வது என்று முடிவு. ஏரிக்கரையும் ஒரு தண்ணீர் லாரியும் பிளெண்டரில் கட்டியாகிவிட்டது. லாரிச் சக்கரம் இன்னும் தரையில் பதியாமல் மிதக்கிறது, அதைச் சரிசெய்துகொண்டு இருக்கிறார்கள்.