'லைஃப்டைம்' ஆயில்னா, யாரோட லைஃப்டைம்?

இன்னைக்கு எபிசோடு கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கோட இருக்கும். கை கழுவிக்கலாம், கவலைப்படாதீங்க.

எங்க பெரியப்பா ஸ்ரீரங்கத்துல இருக்கார். திருவெறும்பூர் பெல்-ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் கிளட்ச் மிதிக்க முடியலை. அதனால ஒன்பது வருஷம் ஓடின ஒரு ஆட்டோமேட்டிக் காரை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினார். மீட்டர்ல 82,000 கிலோமீட்டர். எல்லாம் ரிட்டயர்மென்ட் பணம். வாங்கி மூணாவது மாசம், காவேரி பாலம் இறங்கி மாம்பழச்சாலையில நின்னு கிளம்பும்போது, வண்டி ஒரு செகண்ட் யோசிச்சுட்டு, பின்னாலேருந்து யாரோ இடிச்ச மாதிரி எகிறுச்சு. அப்புறம் தினமும் எகிறுச்சு.

சர்வீஸுக்கு விட்ட இடத்துல பெரியப்பா கேட்டது ஒரே கேள்வி. "கியர்பாக்ஸ் ஆயில் கடைசியா எப்ப மாத்தினாங்க, தம்பி?"

"அது சீல்டு யூனிட் சார். லைஃப்டைம் ஆயில். மாத்தவே வேண்டாம்."

"சரி, யாரோட லைஃப்டைம்?"

அந்தப் பையன்கிட்ட பதில் இல்லை. கியர்பாக்ஸையே மாத்தணும்னு ஒரு எஸ்டிமேட் மட்டும் வந்தது. கார் வாங்கின விலையில பாதிக்கு மேல. பெரியப்பா கேட்ட கேள்விக்குப் பதில் தேடிப்போனப்போ கிடைச்ச கதைதான் இந்த எபிசோடு.

முதல்ல, அந்த ஆயில் அங்க என்ன பண்ணுது? ரெண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரா வையுங்க. ஒண்ணை மட்டும் ஆன் பண்ணுங்க. அதோட காத்து பட்டு இன்னொண்ணும் மெல்ல சுத்த ஆரம்பிக்கும். காத்துக்குப் பதிலா எண்ணெய்னு வெச்சுக்குங்க, டார்க் கன்வெர்ட்டரோட அடிப்படை அதுதான். ஜெர்மன் இன்ஜினியர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல இதுக்குக் காப்புரிமை வாங்கினார். காருக்காக இல்லை, கப்பலுக்காக. ஆக, மேனுவல் கியர்பாக்ஸ்ல எண்ணெய் பல்சக்கரம் தேயாம பார்த்துக்குது, அவ்வளவுதான். ஆட்டோமேட்டிக்ல இன்ஜினோட சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்துறதே எண்ணெய்தான். உள்ள இருக்கிற கிளட்ச்சுகளை அழுத்திப் பிடிக்கிறதும், சூட்டை வெளியே கொண்டுபோறதும் அதே எண்ணெய்தான். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் ஹைட்ராலிக் பிரேக் போட்டுக் கொடுத்ததே, அதே தத்துவம். பெரியப்பாவுக்கு இதெல்லாம் நான் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கலை.

அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ல ஹைட்ராமேட்டிக்கை அறிமுகப்படுத்தினாங்க, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்கள்ல. பெருமளவுல தயாரிக்கப்பட்ட முதல் முழு ஆட்டோமேட்டிக் அதுதான். இரண்டாம் உலகப்போர்ல எம்5 ஸ்டூவர்ட் டாங்கியிலயும் அதைப் பொருத்தினாங்க. 1949-ல இந்த எண்ணெய்க்குன்னு 'டைப் ஏ' என்ற தர அளவுகோல் வந்தது. அந்தக் கால ஆட்டோமேட்டிக் எண்ணெயில என்ன கலந்தாங்க தெரியுமா? திமிங்கில எண்ணெய்! ஸ்பெர்ம் திமிங்கிலத்தோட எண்ணெய் சூட்டைத் தாங்கும், கிளட்ச் வழுக்காம, இடிக்காம பிடிக்கிற பதத்தையும் தரும். 1970-களின் தொடக்கத்துல அழியும் உயிரினங்களைக் காக்கிற சட்டம் வந்து அமெரிக்காவுல அதுக்குத் தடை விழுந்தது. வேதியியல் ஆளுங்க மாற்று தேட வேண்டியதாச்சு. எண்ணெயோட பதம் கொஞ்சம் மாறினாலும் கியர்பாக்ஸ் நடத்தை மாறும்னு தொழிலுக்குப் புரிஞ்சது அப்படித்தான். ஏதோ ஒரு சிவப்பு ஆயிலை ஊத்தினா போதும்னு யாராவது சொன்னா, இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

இதுக்கு நடுவுலதான் அந்த வார்த்தை பிறக்குது. ஃபோர்டு கம்பெனி 1967-ல கொண்டுவந்த 'டைப் எஃப்' எண்ணெயை, மாத்தவே தேவைப்படாத எண்ணெயா உருவாக்கத்தான் நினைச்சாங்க. அப்புறம் மத்த கம்பெனிகளும் அதே வழியில. நியாயமா பேசணும்னா, எண்ணெயோட தரம் உண்மையிலேயே உயர்ந்தது. சிந்தெட்டிக் எண்ணெய்கள் பழசைவிட ரொம்ப நாள் தாங்குது. ஆனா இதுல வியாபாரமும் இருக்கு. புதுக் கார் வாங்குறவர் சர்வீஸ் செலவு எவ்வளவுன்னு கேட்பார். அட்டவணையில ஒரு வரி குறைஞ்சா கார் மலிவாத் தெரியும். பல கார்கள்ல கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கையே எடுத்துட்டாங்க. எண்ணெய் கறுத்திருக்கான்னு ஓனர் பார்க்கக்கூட வழியில்லை.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச முரண்பாடு ஒண்ணு உண்டு. பி.எம்.டபிள்யூ மாதிரி கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செஞ்சு கொடுக்கிறது இசட்.எஃப். என்ற ஜெர்மன் கம்பெனி. கார் கம்பெனி லைஃப்டைம்னு சொல்ற அதே கியர்பாக்ஸ்க்கு, செஞ்ச இசட்.எஃப். என்ன சொல்லுது? 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள, இல்லைன்னா எட்டு வருஷத்துல, எண்ணெய் மாத்துங்க. அதுக்குத் தனியா கிட்டும் விக்குது. பெரியப்பா கேள்விக்குப் பதில் இங்க கிடைச்சிடுச்சுன்னு நினைக்கிறேன். அந்த லைஃப்டைம் முதல் ஓனரோடது. நீங்களும் நானும் வாங்குறது அதுக்கு அப்புறம் வர்ற லைஃப்.

நம்ம ஊருக்கு வருவோம். 1990-களின் பிற்பகுதியில மாருதி ஜென்ல மூணு கியர் ஆட்டோமேட்டிக் வந்தது. 2000-களின் நடுவுல ஹோண்டா சிட்டி சி.வி.டி.-யோட வந்தது. ரெண்டையும் தெருவுல தேடித்தான் பார்க்கணும். மைலேஜ் போயிடும்னு எல்லாருக்கும் பயம். நிலைமையை மாத்தினது 2014 பிப்ரவரி ஆட்டோ எக்ஸ்போவுல வந்த மாருதி செலேரியோ. அதுல இருந்தது ஏ.எம்.டி. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சையும் கியரையும் நமக்குப் பதிலா ஒரு ஹைட்ராலிக் கருவி மாத்தும். அதைக் கொடுத்தது மேக்னெட்டி மாரெல்லி என்ற இத்தாலிய கம்பெனி. 1989-ல ஃபெராரி ஃபார்முலா ஒன் காருக்கு ஸ்டீயரிங்ல தட்டி கியர் மாத்துற வசதி வந்தப்போ, அந்த வேலையில இருந்த அதே கம்பெனி! பிரேசில் ரேஸ்ல ஜெயிச்ச தொழில்நுட்பத்தோட தூரத்துச் சொந்தக்காரன் இன்னைக்கு சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வாசல்ல ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால ஊர்ந்துக்கிட்டு இருக்கான்.

அந்த 2014, 2015 கார்கள்தான் இப்போ செகண்ட் ஹேண்ட் சந்தையில வந்து நிக்குது. இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. 'ஆட்டோமேட்டிக்'னு ஒரே பேர்ல நாலு வேற வேற மெஷின் இருக்கு. ஏ.எம்.டி.-யில பார்க்க வேண்டியது கிளட்ச் பிளேட்டும், கியர் மாத்துற கருவியோட ஹைட்ராலிக் எண்ணெயும். டார்க் கன்வெர்ட்டர்ல எண்ணெயும் ஃபில்டரும். சி.வி.டி.-க்கு அதுக்குன்னே உள்ள எண்ணெய்தான், வேற ஊத்தினா உள்ள இருக்கிற பெல்ட்டுக்கு ஆபத்து. நாலாவது, இரட்டை கிளட்ச். இதுல எண்ணெய்ல ஊறின வெட் கிளட்ச் ரகமும் உண்டு, ட்ரை கிளட்ச் ரகமும் உண்டு. ஃபோக்ஸ்வாகனோட வெட் கிளட்ச் டி.எஸ்.ஜி.-க்கு 60,000 கிலோமீட்டர்னு கம்பெனியே கணக்கு வெச்சிருக்கு. ட்ரை கிளட்ச் ரகத்துக்கு அப்படிக் கணக்கு இல்லை. ஆனா 2013 மார்ச்ல சீனாவுல 3,84,181 கார்களைத் திரும்ப அழைச்சாங்க. அதே வருஷம் நவம்பர்ல உலகம் முழுக்க 16 லட்சம் கார்கள்ல சிந்தெட்டிக் எண்ணெயை வெளியே எடுத்து மினரல் எண்ணெய் ஊத்தினாங்க. சூடும் ஈரப்பதமும் அதிகமான இடங்கள்ல சிந்தெட்டிக் எண்ணெயால மின்சாரக் கோளாறு வரலாம்ங்கிறது சொன்ன காரணம். சித்திரை மாசத் திருச்சி வெயிலை நினைச்சுக்குங்க.

சூடுன்னதும் காவேரி பாலத்துக்கு வரணும். 1976-ல திறந்த பாலம். நடுவுல மராமத்துக்காக மூடி 2023-ல திரும்பத் திறந்தாங்க. வைகுண்ட ஏகாதசி நேரத்துல அம்மா மண்டபம் ரோட்டுல முதல் கியர்ல அரை மணி நேரம் ஊர்ந்தா, ஏ.எம்.டி. கிளட்ச் பாதி பிடிச்சும் பாதி விட்டும் தேயும். டார்க் கன்வெர்ட்டர்ல வீணாகிற சக்தி முழுக்க எண்ணெய்ல சூடா இறங்கும். ஹைவேயில 80,000 ஓடின வண்டியும் இப்படி ஊர்ந்தே 80,000 ஓடின வண்டியும் ஒண்ணு இல்லை. மீட்டர் அதைச் சொல்லாது.

ரயில்வேயில இந்தக் குழப்பம் கிடையாது. மன்மோகன் சூரின்னு ஒரு ரயில்வே இன்ஜினியர், டீசல் இன்ஜினுக்காக எண்ணெயால சக்தி கடத்துற 'சூரி டிரான்ஸ்மிஷன்' உருவாக்கி 1962-ல பட்நாகர் விருது வாங்கினார். எந்த இன்ஜினா இருந்தாலும் ரயில்வேயில ஷெட்யூல் உண்டு. 1920-களின் கடைசியில நாகப்பட்டினத்துலேருந்து மாறி வந்த நம்ம பொன்மலை ஒர்க்ஷாப் இன்னைக்கும் ஓடுறது அந்தப் பழக்கத்துலதான். குறிச்ச நாள் வந்தா, வண்டி நல்லா ஓடினாலும் பிரிச்சுப் பார்க்கணும். 'இது லைஃப்டைம்'னு அங்க யாராவது சொன்னா சிரிப்பாங்க.

பெரியப்பா கடைசியா காரைப் பால்பண்ணை பக்கம் ஒரு தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட கொண்டுபோனார். அவர் முதல்ல தயங்கினார். "பழைய ஆயிலை எடுத்தா ஸ்லிப் ஆகும் சார், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க." இந்தப் பயத்தை நீங்களும் கேட்டிருப்பீங்க. இதுல பாதி உண்மை. கிளட்ச் முழுக்க தேய்ஞ்ச வண்டியில புது ஆயில் எதையும் காப்பாத்தாது. அப்படிப்பட்ட வண்டிங்கதான் பெரும்பாலும் கடைசி நேரத்துல ஆயில் மாத்த வரும். பழி ஆயில் மேல விழும்.

டிரெயின் பிளக்கைக் கழட்டினப்போ வந்தது சிவப்பு இல்லை, டிகிரி காபி டிக்காஷன். கருகின வாசனை வேற. அடியில இருந்த காந்தத்துல சேறு மாதிரி பசை, ஆனா இரும்புச் சில்லு இல்லை. சில்லு இருந்திருந்தா அங்கேயே நிறுத்தியிருக்கணும்னு மெக்கானிக் சொன்னார். ஒரு தடவை இறக்கினா எல்லா எண்ணெயும் வராது, கன்வெர்ட்டர் உள்ள கணிசமா தங்கிடும். அதனால மெஷின் வெச்சு பிரஷர்ல ஃப்ளஷ் பண்ணாம, ஃபில்டரை மாத்தி, கார் புத்தகத்துல போட்டிருந்த அதே ரக எண்ணெயை ஊத்தி, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி ஒரு தடவை இறக்கி ஊத்தினாங்க.

எகிறல் முழுசா போகலை. காலையில முதல் தடவை ரிவர்ஸ் போடும்போது இன்னும் லேசா ஒரு தட்டு இருக்கு. மத்தபடி வண்டி உத்தர வீதியில அமைதியா ஓடுது. டேஷ்போர்டு அறையில ஒரு சின்ன நோட்டு வெச்சிருக்கார். முதல் பக்கத்துல தேதி, கிலோமீட்டர், எண்ணெய் பேர், எத்தனை லிட்டர். அடுத்த வரி காலியா இருக்கு, பக்கத்துல பென்சில்ல எழுதியிருக்கார்: 1,25,000.