உறைய வைத்த கரு: கையெழுத்துக்கு முன் தம்பதியர் அறிய வேண்டியவை

தி.நகர், அடையாறு, மயிலாப்பூர் என சென்னையில் குழந்தையின்மைக்குச் சிகிச்சை அளிக்கும் மையங்கள் பெருகியுள்ளன. டெஸ்ட் டியூப் முறையில் பல கருமுட்டைகளை ஒரே சமயத்தில் கருவாக்குவதால், பயன்படுத்தியது போக சில கருக்கள் மிஞ்சுவதுண்டு. அவற்றை உறைய வைக்கச் சம்மதம் கேட்டு ஒரு படிவம் தரப்படும். பலர் அதைப் படிக்காமலேயே கையெழுத்திடுகிறார்கள்.

திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் கருவின் இயக்கம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. 1967-ல் இறந்த அமெரிக்கர் ஜேம்ஸ் பெட்ஃபோர்டின் உடலும் இப்படித்தான் உறைய வைக்கப்பட்டது. ஆனால் உறைய வைத்த மனித உடல் எதுவும் இதுவரை உயிர் பெறவில்லை. சில செல்களே கொண்ட கருவின் நிலை வேறு. 1994-ல் உருவாக்கி உறைய வைத்த கருவிலிருந்து 2025 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு குழந்தை பிறந்தது. பெற்றோரின் மணவாழ்வை விடவும், ஆயுளை விடவும்கூட, கரு நீடித்திருக்க முடியும் என்பதே இதன் பொருள்.

நாட்டின் சட்டம்

2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி, கருவை அதிகபட்சம் 10 ஆண்டுகள் வைத்திருக்கலாம். அதன்பின் அது அழிய விடப்படும். அல்லது தம்பதியின் சம்மதத்துடன் ஆராய்ச்சிக்குத் தரப்படும். தம்பதியில் ஒருவர் இறந்தாலோ செயலிழந்தாலோ கருவை என்ன செய்வது என்பதை எழுத்து மூலம் பெறாமல், மருத்துவமனை கருவை உறைய வைக்கக் கூடாது.

மார்க்கத்தின் பார்வை

கணவனின் விந்து, மனைவியின் கருமுட்டை, அதே மனைவியின் கருப்பை என்ற வரம்புக்குள், தேவை ஏற்படும்போது இச்சிகிச்சை கூடும் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1986-ல் முடிவு செய்தது. தேவையான அளவு முட்டைகளை மட்டுமே கருவாக்க வேண்டும், மிஞ்சினால் இயற்கையாக முடிவடைய விட்டுவிட வேண்டும், பிற பெண்ணுக்குச் செலுத்தக் கூடாது என்று 1990-ல் ஜித்தா அமர்வில் தீர்மானித்தது. கணவன் இறந்தபின் அவருடைய கருவைச் சுமப்பது கூடாது என்பது பெரும்பாலான உலமாக்களின் கருத்து. வம்சம், வாரிசுரிமை இரண்டும் இதில் அடங்கியுள்ளன.

கேட்க வேண்டியவை

• எத்தனை முட்டைகளைக் கருவாக்கப் போகிறார்கள்? எண்ணிக்கையைக் குறைத்தால் வெற்றி வாய்ப்பும் குறையலாம். மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.
• சேமிப்புக் கட்டணம் எவ்வளவு, எதுவரை?
• மாதிரிகள் மாறிவிடாமல் இருக்க என்ன ஏற்பாடு?
• மரணம், தலாக், குலா நேர்ந்தால் என்ன செய்வதென்று படிவத்தில் உள்ளதா?

படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று, கணவனும் மனைவியும் சேர்ந்து படித்து, நம்பகமான ஆலிமிடம் கேட்டபின் கையெழுத்திடுங்கள். ஒருவர் மறைந்தபின் மற்றவர் தனியே சுமக்க வேண்டிய முடிவை, இருவரும் இருக்கும்போதே எடுத்துவிடலாம்.